கால் கிலோ சம்பா

கலஹா பஸாரில் ராக்கம்மாவின் கண்ணை ஏமாற்றிய உடம்பு கிடையாது. கடை வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றும்போதே, முப்பத்தாறு, இடுப்பு முப்பது, வலது தோள் கொஞ்சம் சரிவு என்று மனதுக்குள் ஓடிவிடும். அளவு நாடாவை எடுப்பது வந்தவர்களின் திருப்திக்குத்தான். பதினாறு வருஷமாகச் சேலை ரவிக்கை தைக்கிறாள். தோள் பிடிக்கிறது, கை இறுக்குகிறது என்று ஒரு ரவிக்கை அவளிடம் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பில் ஒரே ஒரு அளவைச் சொல்லத் தெரியாமல் போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன் புற்றுநோய் என்று அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்போது வயது முப்பத்தெட்டு. பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். "ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்லும்வரை அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காது.

வெறுமையான பக்கத்துக்கு அவளே ஒரு பை தைத்துக்கொண்டாள். உள்ளே பஞ்சு, பாரத்துக்குக் கொஞ்சம் கடுகு. யாருக்கும் தெரியாது. ஒருநாள் தெல்தோட்டையிலிருந்து வந்த கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுக்கக் குனிந்தாள். பை நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. பெண்ணின் தாய் ஒரு நொடி பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் படிக்கத் தொடங்கினாள். அவள் பார்த்ததைவிட, பார்க்காத மாதிரி நின்றதுதான் ராக்கம்மாவைச் சுட்டது.

நோய்க்குப் பிறகு இன்னொன்றும் மாறியிருந்தது. "உள்ள துணி விடவா? அடுத்த வருஷம் உடம்பு வச்சா பிரிச்சுக்கலாம்" என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் முன்போலவே கேட்பாள். தன் ரவிக்கைகளுக்கு மட்டும் இப்போது அவள் துணி விடுவதில்லை. எண்பது சென்டிமீட்டர் வாங்கி, உடம்போடு ஒட்ட வெட்டி, மிச்சம் வைக்காமல் தைத்துவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பேராதனையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் மயில்வாகனத்தைப் பார்க்கப் போனது அந்தத் தெல்தோட்டைக்காரியால்தான். ஒல்லியான மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு தட்டில் மூன்று சிலிக்கன் பைகளை வைத்து அவள் பக்கம் தள்ளினார். உறைந்த கஞ்சி மாதிரி அவை ஆடின.

"தொட்டுப் பாருங்கோ. பயப்பட வேண்டாம், கடிக்காது."

ராக்கம்மா சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"எப்பிடி வைக்கிறது, எங்க வெட்டுறது எல்லாம் என்ர வேலை" என்றார் டொக்டர். "பருமன் மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேணும். உங்கட நெஞ்சின்ர அகலத்துக்கு மூண்டு அளவு இருக்கு. 250 சீசீ, 290, 320. என்ர கணக்கில நடுவில உள்ளது சரிவரும். ஆனா உடுப்பு உடுத்து நடமாடுறது நீங்கள்தானே. அரிசியில மூண்டு பை செய்து, ஒரு கிழமை வீட்டில போட்டுப் பாருங்கோ. மற்றப் பக்கத்தோட எது ஒத்துவருதோ, அதைச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு கொழும்புக்கு ஓடர் போகும். அடுத்த புதன்கிழமை ஒப்பரேஷன்."

"வச்ச பிறகு அளவு சரியில்லன்னா சேர்?"

"மாத்தலாம். அதுக்குத் திருப்பியும் திறக்க வேணும்." டொக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ராக்கம்மா தட்டை அவர் பக்கமே தள்ளினாள். மூன்று வருஷத்தில் அவளைத் திறந்தது போதும்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக முனாப் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனாள். எதையும் நிறுத்தே பழகிய ஊர் அது. தேயிலைக் கொழுந்தை நிறுக்கிறார்கள், விறகை நிறுக்கிறார்கள், பிள்ளை பிறந்தால் பிள்ளையை நிறுக்கிறார்கள். கொழுந்து பறித்த அவளுடைய அம்மாவின் ஒவ்வொரு நாளும் தராசுக் கொக்கியில் தொங்கித்தான் முடிந்தது. சீசீ என்றால் கிராமுக்கு டொக்டர்மார் வைத்திருக்கும் பெயர் என்று ராக்கம்மா நினைத்துக்கொண்டாள். 250 என்றால் கால் கிலோ. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"நானா, சம்பா அரிசி. இருநூத்தி அம்பது ஒரு பை, இருநூத்தித் தொண்ணூறு ஒரு பை, முன்னூத்தி இருபது ஒரு பை."

முனாப் நானா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "என்ன ராக்கம்மா, மூணு கோழிக்குஞ்சு வாங்கி ஈக்கிறியா? ஒண்ணு ஒண்ணுக்கும் வேற வேற பசியா?"

"தையலுக்கு நானா."

"அரிசியில தையலா? காலம் கெட்டுப் போச்சு!" என்றாலும் டிஜிட்டல் தராசில் ஒரு மணி கூடாமல் குறையாமல் நிறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மெல்லிய பருத்தியில் மூன்று வட்டப் பைகள் தைத்தாள். 250க்குச் சிவப்பு நூல், 290க்கு நீலம், 320க்குப் பச்சை. நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அணிந்துகொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். வீட்டில் அவளுடைய கணவன் முத்துலிங்கத்தின் அக்கா பாப்பம்மாவும் இருந்தாள். விதவை, வாய் சும்மா இருக்காது.

"இன்னிக்கு எந்தக் கலரு?"

"பச்ச, மதினி."

"கொஞ்சம் திரும்பு. ஐயய்யே, வேணாம்டி. ஒரு பக்கம் கலியாணத்துக்குப் போகுது, ஒரு பக்கம் கடைக்குப் போகுது."

நீலமும் பெரிதாகத்தான் தெரிந்தது. சிவப்பை அணிந்த அன்று ராக்கம்மா அலுமாரியின் அடியிலிருந்து நோய் வருவதற்கு முன் தைத்த பழைய ஊதா ரவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டாள். இரண்டு பக்கமும் ஒரே கோடு. மடிப்பு இல்லை, தொய்வு இல்லை. கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒருத்தி திரும்பி வந்து நிற்பது போலிருந்தது.

புதன்கிழமை டொக்டருக்குத் தொலைபேசியில் சொன்னாள். "சேர், 250."

"250? சின்னனா இருக்குமே. நிச்சயமோ?"

"சேர், நான் டெய்லர். அளவுல நான் பிழை விட மாட்டேன்."

"சரி. உங்கட கண்ணை நம்புறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. ராக்கம்மா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து பாப்பம்மாவின் குரல் வந்தது.

"இந்தா, ஒன் அரிசி வேல முடிஞ்சிருச்சில்ல? மூணு பையும் பிரிச்சு ஒலையில போடப் போறேன். ஒன் நெஞ்சுல கெடந்த அரிசின்னு ஒன் புருஷன்கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாத."

"போடுங்க மதினி."

"எந்தப் பையில எத்தன கப்பு இருக்கும்?"

"சிவப்புல இருநூத்தி அம்பது."

"அது என்னா கணக்கோ. நான் குக்கர் கப்புலதான் அளப்பேன்." சிவப்புப் பையின் அரிசி கொட்டும் சத்தம் கேட்டது. "ஒரு கப்பு ரொம்பிருச்சு... இன்னொரு கப்புல முக்காலுக்குக் கொஞ்சம் கொறைய நிக்குது."

ராக்கம்மாவின் கையில் ஊசி நின்றது. ரைஸ் குக்கரோடு வந்த அந்தப் பிளாஸ்டிக் கப்பில் நூற்றியெண்பது மில்லி என்று அச்சடித்திருக்கும். தினமும் பார்ப்பது. மில்லியும் சீசீயும் ஒன்று என்பது மருந்து ஏற்றிய காலத்தில் தாதி ஒருத்தி போகிற போக்கில் சொன்னது. அது எங்கேயோ கிடந்து இப்போது மேலே வந்தது. ஒரு கப் நூற்றியெண்பது. முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் நூற்றியிருபத்தைந்து. மொத்தம் முந்நூற்றுக்கும் மேலே.

அவள் எழுந்து ஓடினாள். "மதினி, ஒலையில போடாதீங்க!"

"என்னடி, என்னா வந்திருச்சு?"

"எடையப் பார்த்தேன் மதினி. டொக்டரு கேட்டது எடத்த. எவ்வளவு எடம் அடைக்கும்னு கேட்டிருக்காரு. நான் எவ்வளவு கனக்கும்னு பார்த்திருக்கேன்."

பாப்பம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் வாயில் கை வைத்தாள்.

ராக்கம்மா டொக்டரின் இலக்கத்தை அழுத்தினாள். அணைத்திருந்தது. கிளினிக் தாதியின் இலக்கம் மணி அடித்து அடித்து நின்றது. மணி ஒன்பது ஐம்பது. 250 என்று எழுதிய தாள் பன்னிரண்டுக்குக் கொழும்புக்குப் போய்விடும். புதன்கிழமை அதையே வைத்துத் தைத்துவிடுவார்கள். பழைய ஊதா ரவிக்கை ஒரு பக்கம் சுருங்கித் தொங்கும். மறுபடி கடுகுப் பை. இல்லாவிட்டால் மறுபடி கத்தி. குற்றம் சொல்ல வேறு ஆளும் இல்லை. அளவில் பிழை விட மாட்டேன் என்று சொன்னது அவளுடைய வாய்தான்.

முத்துலிங்கம் ஆட்டோவோடு பஸாரில் நின்றான். அவன் கேள்வி கேட்பதற்குள் அவள் பின்னால் ஏறியிருந்தாள். மடியில் சிவப்புப் பை, அதற்குள் அதே அரிசி, கையில் குக்கர் கப்.

"பேராதனைக்கு. வெரசா போங்க."

"கப்பு எதுக்கு ராக்கு?"

"போங்கன்னேன்."

வழியெல்லாம் மழை பிசுபிசுத்தது. வளைவுக்கு வளைவு பஸ் வந்தது. ஓரிடத்தில் கொழுந்து லொறி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போனது. ராக்கம்மா ஒவ்வொரு நிமிஷமும் கைத்தொலைபேசியைப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். நடந்ததை அவனிடம் இரண்டு வரியில் சொன்னாள்.

முத்துலிங்கம் முன்னால் பார்த்தபடி சொன்னான்: "எனக்கு ஒண்ணும் வேணாம்னு அப்பவே சொன்னேன். நீ இருந்தா போதும்."

"ஒங்களுக்குப் போதும். எனக்குப் போதல. குனிஞ்சா நழுவுற சாமானோட நான்தானே கடையில உக்காந்திருக்கேன்."

அவன் ஹோர்னை நீளமாக அடித்தான். லொறி ஒதுங்கியது. அதற்குப் பிறகு அவன் ஓட்டிய வேகத்தை அந்த ரோட்டில் அவள் முன்பு பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இறங்கும்போது பதினொன்று பத்து. கிளினிக் வாசலில் தாதி ஸக்கியா ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றாள்.

"மிஸ், என் அளவ அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. பன்னெண்டுக்குத்தானே. ஏன் அக்கா மூச்சு வாங்குது? இரீங்க."

"அது பிழை மிஸ். மாத்தணும்."

ஸக்கியாவின் முகம் மாறியது. "டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டர்ல ஈக்காரு. அவரு சொல்லாம நான் ஒரு எழுத்து மாத்தேலாது. பன்னெண்டுக்கு முந்தி வந்தா பார்ப்போம்."

"வரலன்னா?"

"ஈக்கிற எழுத்துத்தான் போகும் அக்கா."

ராக்கம்மா கதிரையில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்போடு நகர்ந்தது. பதினொன்றரை. பதினொன்று நாற்பது. மடியிலிருந்த பையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், யாரோ பறித்துவிடப் போவதுபோல. பதினொன்று நாற்பத்தெட்டுக்கு டொக்டர் மயில்வாகனம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன ராக்கம்மா, திகதி புதன்கிழமை எல்லோ?"

அவள் எழுந்து நின்றாள். பஸாரில் பதினாறு வருஷமாகச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள். "சேர், நான் அளவுல பிழை விட்டுட்டேன்."

எடையின் கதையைக் கேட்டதும் டொக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "இது என்ர பிழையும்தான். சீசீ எண்டு சொல்லிப்போட்டு விட்டுட்டன். கப்பில அளவுங்கோ எண்டு சொல்லியிருக்க வேணும். ஸக்கியா, அந்த ஜக்கைக் கொண்டு வாங்கோ."

கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் வந்தது. சிவப்புப் பையிலிருந்து அரிசியை ஊற்றினார்கள். டொக்டரின் மேசையில் சம்பா சிந்தியது. மூன்று தலைகள் ஜக்கின் மேல் குனிந்தன.

"முந்நூற்றி ஐந்து" என்றார் டொக்டர். "இதுதானே உங்களுக்கு வடிவா ஒத்து வந்தது?"

"ஓங்க சேர். பழைய ஜாக்கெட்டுல ஒரு நூல் வித்தியாசமில்ல."

"அப்ப கண் சரி. தராசுதான் பிழை." அவர் கதிரையில் சாய்ந்தார். "ஆனா ஒரு சிக்கல். 305 எண்டு ஒண்டும் வராது. 290, இல்லாட்டி 320."

கால் அங்குலம் தள்ளிப் போனால் முழுத் தையலையும் பிரிக்கிறவள் ராக்கம்மா.

"நீங்களே சொல்லுங்க சேர்."

"நான் வித்தியாசத்தைத்தான் சொல்லலாம். 290 எண்டால் ஒரு சொட்டுக் குறைவு. இண்டைக்கு இருக்கிற உடம்புக்கு ஆருக்கும் தெரியாது. 320 எண்டால் முதல்ல கொஞ்சம் கூடத்தான் தெரியும். ஆனா நீங்கள் அந்த வருத்தத்தில, மருந்தில மெலிஞ்சனீங்கள், இப்ப தேறி வாறியள். ஐஞ்சு வருஷம், பத்து வருஷம் போக உடம்பு வைக்கும், வலது பக்கமும் கூடும். நான் வைக்கிற சாமான் அப்பிடியேதான் இருக்கும். அப்ப 320தான் சமனா நிக்கும், 290 சின்னனாப் போயிடும்."

"அஞ்சு வருஷம், பத்து வருஷம்" என்று ராக்கம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"அதை நான் எழுதித் தரேலாது. ஆருக்கும் தரேலாது." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "கடைசி ஸ்கேன் நல்லா இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஸக்கியா கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம் ஈக்கி, டொக்டர்."

ராக்கம்மா ஜக்கில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை ஆயிரம் பெண்களிடம் கேட்டிருப்பாள்! உள்ள துணி விடவா? சில பேர் யோசிக்காமல் தலையாட்டுவார்கள். சில பேர், "வேணாங்க, நான் எங்க உடம்பு வைக்கப் போறேன்" என்று சிரிப்பார்கள். இந்த மூன்று வருஷமாக அவள் தனக்குத் தைத்த ரவிக்கைகள் வரிசையாகக் கண்முன் வந்தன. பச்சை, காவி, மஞ்சள். ஒன்றிலும் பிரிக்க ஒரு விரல் துணி கிடையாது. ஒவ்வொன்றையும் அந்த வருஷத்துக்கு மட்டுமே தைத்திருந்தாள்.

290 என்று சொல்வது சுலபம். இன்றைக்குச் சரியாக இருக்கும். நாளைக்கு என்ன என்று கேட்கவேண்டியதில்லை. 320 என்றால் நாளை வரும் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போக வேண்டும். அது பொய்த்துப் போனால்? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், கொஞ்ச நாளைக்குப் பெருசாத் தெரிஞ்சா, வலது பக்கம் ஒரு மடிப்பு கூட வச்சு நான் தையல்ல சரிக்கட்டிக்கிறேன்" என்றாள். "முன்னூத்தி இருபது போடுங்க."

"நிச்சயமோ?"

இந்தத் தடவை நான் டெய்லர் என்று அவள் சொல்லவில்லை. "நிச்சயம் இல்ல சேர். ஆனா அதத்தான் போடணும்."

டொக்டர் 250ஐ அடித்து 320 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஸக்கியா அந்தத் தாளோடு ஓடினாள். ராக்கம்மா மேசையில் சிந்திய அரிசியை ஒரு மணி விடாமல் பொறுக்கிப் பையில் போட்டாள். பாப்பம்மா காத்திருப்பாள்.

வெளியே மழை விட்டிருந்தது. முத்துலிங்கம் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: "என்னா ஆச்சு அந்த விஷயம்?"

"அனுப்பியாச்சு. பெரிசு."

"பெரிசா?" அவன் காது சிவந்தது. "ஏன்?"

"நான் குண்டாகப் போறேனாம். டொக்டர் சொன்னாரு."

கலஹா பஸாரில் துணிக்கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. கடைக்காரப் பெண் அவளைக் கண்டதும் கத்தரியை எடுத்தாள்.

"ஊதாவா அக்கா? வழமைபோல எம்பதுதானே?"

"இல்ல" என்றாள் ராக்கம்மா. "ஒரு மீட்டர் வெட்டு."